புயலுக்கு மறுநாள் காலையில் வீட்டில் என்ன இருக்கிறது?

2018-ம் ஆண்டு நவம்பர் 16. ஐப்பசி முடிகிற நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவுக்குப் பிறகு கரையேறிய கஜா புயல், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை என்று உள்ளே புகுந்து போனது. விடிந்தபோது தென்னந்தோப்புகள் கிடந்த கோலத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்த வாரம் வீடுகளுக்குள் பட்ட பாடு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

மின்கம்பங்கள் சாய்ந்ததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிற டெல்டாவிலேயே, ஜெனரேட்டர் வண்டி எப்போது நம் தெருவுக்கு வரும் என்று குடத்தோடு காத்திருந்தார்கள். குதிரில் நெல் இருந்தது. அரைக்க ரைஸ்மில் ஓடவில்லை. பேங்கில் பணம் இருந்தது, ஏ.டி.எம். திறக்கவில்லை. செல்போன் டவர்கள் விழுந்ததால் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் எப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை. மெயின் ரோட்டு மரங்களை அறுத்து வழி பண்ணிய பிறகுதான் உள்கிராமங்களுக்கு ஆட்கள் போக முடிந்தது. பல ஊர்களில் கரன்ட் திரும்ப வாரக்கணக்கானது.

அதற்கு முன்பு 2011 டிசம்பர் 30-ல் கடலூரைப் புரட்டிய தானே, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை, 2024 நவம்பர் கடைசியில் விழுப்புரம் பக்கம் வந்த ஃபெஞ்சல் என்று கணக்கு நீண்டுகொண்டுதான் போகிறது. எல்லாவற்றிலும் பாடம் ஒன்றுதான். உதவி வரும், ஆனால் ரோட்டோரத்துக்கு முதலில் வரும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பத்து வீட்டுக்குக் கடைசியில் வரும். இடைப்பட்ட ஒரு வாரத்தை அந்தப் பத்து வீடும் தன் கையில் இருப்பதைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

ஒரு குடும்பத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டால் பேச எளிது. பெரியவர்கள், பிள்ளைகள் சேர்த்து ஐந்து பேர். இரண்டு கறவை மாடு, நான்கு வெள்ளாடு, பத்துக் கோழி. இரண்டு ஏக்கர் சம்பா, வீட்டைச் சுற்றிப் பதினைந்து தென்னை. டெல்டாவிலும் கடலோரத்திலும் இப்படிப்பட்ட வீடுகள்தான் அதிகம்.

தண்ணீர்க் கணக்கில் மாட்டை மறந்துவிடுகிறார்கள்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். ஒரு வாரத்துக்கு 175 லிட்டர். மூடி போட்ட 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருந்தால் மனிதர்கள் பாடு தீர்ந்தது. பூச்சிமருந்து, ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்கக் கூடாது. கழுவிவிட்டோமே என்று எடுத்துக்கொள்கிற வழக்கம் இன்னும் ஊர்களில் இருக்கிறது, ஆபத்தானது.

மாடு அப்படியில்லை. கறவை மாடு ஒன்று நாளைக்கு 50 லிட்டர் வரை குடிக்கும். இரண்டு மாட்டுக்கு வாரத்துக்கு 700 லிட்டர். ஆட்டையும் சேர்த்தால் 800 லிட்டருக்கு மேல் போய்விடும். வீட்டு மனிதர்கள் ஐந்து பேருக்குத் தேவையானதைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம். அத்தனையையும் டிரம்மில் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் கரன்ட் இல்லாமல் தண்ணீர் எடுக்க ஒரு வழி வீட்டிலோ தெருவிலோ இருந்தாக வேண்டும்.

பழைய அடிபம்புகள் இங்கேதான் ஞாபகத்துக்கு வருகின்றன. சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கியபோது பல வீடுகளில் அடிபம்பைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். இன்னும் கழற்றாமல் துருப்பிடித்து நிற்பவற்றுக்குப் பெரும்பாலும் வாஷர்தான் போயிருக்கும். புரட்டாசிக்குள் வாஷரை மாற்றி, பத்து நாளைக்கு ஒரு முறை அடித்துப் பார்த்துக்கொண்டால் போதும். ஊராட்சியின் அடிபம்பு பழுதாகி நின்றால் தெரு சேர்ந்து இப்போதே மனு கொடுப்பது நல்லது; புயல் எச்சரிக்கை வந்த அன்று மெக்கானிக் கிடைக்க மாட்டார். திறந்த கிணறு உள்ளவர்கள் ராட்டினத்தையும் கயிற்றையும் பார்த்துவைத்தால் பாதிக் கவலை விட்டது. கிணற்றைக் குப்பைக்குழியாக்கி மூடியவர்களுக்குத்தான் சிரமம்.

மழைநீரும் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 300 சதுர அடி ஓட்டுக்கூரையில், அதாவது சுமார் 28 சதுர மீட்டரில், 10 மில்லிமீட்டர் மழைக்கு 280 லிட்டர் இறங்கும். முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்து வருவதைப் பிடித்தால் மாட்டுக்கும் துவைக்கவும் கழுவவும் ஆகும். கூரைத் தாவாரத்தில் பாதியாக அறுத்த பி.வி.சி. பைப்பைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

வெள்ளம் புகுந்த கிணற்றில் பிளீச்சிங் பவுடரை ஒரு பிடி அள்ளி வீசுவதுதான் பரவலான பழக்கம். அது வைத்தியம் ஆகாது. கணக்கு இருக்கிறது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கி, பிறகு 785-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 3 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 21,000 லிட்டர். நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 53 கிராம் வேண்டும். வெள்ளநீர் கலந்திருந்தால் முடிந்த அளவு இறைத்துக் கொட்டிவிட்டு, ஊறிய தண்ணீருக்கு இதைப்போல இரு மடங்கு போடலாம். பவுடரை பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் கரைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் எடுக்க வேண்டும். இரவு போட்டுக் காலையில் எடுப்பது இன்னும் நல்லது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி இல்லாத பவுடருக்கு வேலை செய்கிற சக்தியும் இல்லை.

குடத்துத் தண்ணீருக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்குப் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பத்து மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளலாம். தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்தால் கலங்கல் தெளியும். ஆனால் கிருமி சாகாது; தெளிந்த தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அவிழ்த்துவிட வேண்டிய இரவு

கஜா சமயத்தில் செத்த மாடுகளில் கொட்டிலில் கட்டிய கட்டிலேயே கூரை விழுந்து செத்தவையும் உண்டு. பழகிய மாடு எங்கே போய்விடும் என்ற பயத்தில் கட்டிப்போடுவது இயற்கை. ஆனால் கீற்றுக் கொட்டிலும், பக்கத்தில் சாய்கிற மாதிரி தென்னையும் இருக்கிற இடத்தில் அந்த இரவு மாட்டைக் கட்டக் கூடாது. மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டில், பொழுது சாய்வதற்குள் ஓட்டிவிட வேண்டும். தும்பு தரையில் இழுபட்டால் வேலியில் மாட்டிக்கொள்ளும். அதை அவிழ்த்து எடுத்துவிடுவதோ கழுத்தோடு சுற்றிக் கட்டிவிடுவதோ அவசியம். கன்றைத் தாயோடு விட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஆடும் கோழியும் கட்டிடத்துக்குள் ஒடுங்கிக்கொள்ளும். ஒரு இரவு திண்ணையை விட்டுக்கொடுத்தால் போதும்.

வைக்கோல்தான் அடுத்த பிரச்னை. மாடு ஒன்றுக்கு நாளைக்கு 6 கிலோ என்று வைத்தாலும் இரண்டு மாட்டுக்கு மாதம் 360 கிலோ. போர் முழுவதும் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டால் அதைப் போடவும் முடியாது, அந்தச் சமயத்தில் வெளியில் வாங்கவும் முடியாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோல் பாலைக் குறைப்பதோடு விடாது. சினை மாட்டுக்கும் கெடுதல். போரைக் கருங்கல்லோ மரக்கட்டையோ அடுக்கி ஒரு முழம் உயர்த்திப் போடுவது, உச்சியைக் கூர்மையாக முடிப்பது, மேலே தார்ப்பாய் விரித்துப் பழைய மீன்வலையால் மூடி, வலை ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிடுவது எல்லாம் ஒரு நாள் வேலை. தார்ப்பாயை மட்டும் கட்டினால் முதல் காற்றிலேயே கிழிந்து பறக்கும். வலைதான் அதைப் பிடித்து நிறுத்தும். ஒரு மாதத்து வைக்கோலையாவது கட்டுக்கட்டாகப் பரணில் தனியாக வைத்துவிட்டால் போர் போனாலும் மாடு பிழைக்கும்.

புயலுக்குப் பிறகு எங்கும் பச்சை இலை கொட்டிக்கிடக்கும். அகத்தி, கல்யாண முருங்கை, சூபாபுல், கிளுவை எல்லாம் ஆட்டுக்கு ஆகும். சாய்ந்த வாழையைப் பொடியாக நறுக்கி வைக்கோலோடு கலந்து மாட்டுக்குப் போடலாம். அதையே வயிறு நிறையப் போட்டால் கழியும். மரவள்ளி இலையில்தான் கவனம் வேண்டும். சாய்ந்த மரவள்ளித் தழையைப் பச்சையாக ஆடு மேய்ந்தால் அதிலுள்ள நஞ்சு மணி நேரத்தில் கொன்றுவிடும். நன்றாக வெயிலில் காய்ந்த பிறகுதான் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மழை நாளில் வெயில் எங்கே என்றால், அந்த இலையே வேண்டாம்.

கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்குத் துள்ளுமாரி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஆகிய தடுப்பூசிகள் மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட அன்றே உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இன்ஷூரன்ஸ் செய்த மாட்டுக்குக் காதுவில்லை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் இப்போதுதான். வில்லை விழுந்துபோன மாடு செத்தால் இழப்பீடு கேட்க வழியில்லை. செத்த மாட்டைப் புதைப்பதற்கு முன்பு காதுவில்லை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் வாங்கியாக வேண்டும். துக்கத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டு அலைகிறவர்கள் ஒவ்வொரு புயலுக்கும் இருக்கிறார்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

குதிரில் நெல், அடுப்பில் என்ன?

நெல்லை நெல்லாக வைப்பதுதான் பாதுகாப்பு. ஈரப்பதம் 14 சதவிகிதத்துக்குக் கீழே காயவைத்த நெல் குதிரிலோ பத்தாயத்திலோ அடுத்த அறுவடை வரை நிற்கும். ஆனால் மில் ஓடாத வாரத்தில் நெல் சோறாகாது. ஐந்து பேருக்கு நாளைக்கு 2 கிலோ என்று 15 நாளுக்கு 30 கிலோ அரிசி, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எப்போதும் அரைத்துக் கையில் இருக்க வேண்டும். அதைச் செலவு செய்யாமல் பூட்டி வைத்தால் வண்டு விழும். பழையதை எடுத்துச் சமைத்து, புதியதை அடியில் போட்டுக்கொண்டே வந்தால் இருப்பும் குறையாது, கெடவும் செய்யாது.

அடுப்பு எரியாத நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வறுத்து அரைத்த சத்துமாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி. பச்சிளம் பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீட்டில் இவை முதலில் இருக்க வேண்டும். புழுங்கலரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் மறுநாள் காலைக்கு விறகு மிச்சம். பயறு வகையில் முழுப்பயறைத்தான் வண்டு அதிகம் குடையும். உடைத்த பருப்பில் அந்தத் தொல்லை குறைவு. முழுதாக வைக்க வேண்டியதை நன்றாகக் காயவைத்து, கிலோவுக்கு 5 மில்லி நல்லெண்ணெய் விட்டுப் பிசறிவைக்கலாம். மாங்காய், சுண்டை, கத்தரி, கொத்தவரை வற்றலெல்லாம் சித்திரை, வைகாசி வெயிலில் போட்டிருந்தால்தான் இப்போது பானையில் இருக்கும். இந்த ஆண்டு போடாதவர்கள் வரும் சித்திரையில் போடலாம்.

மிக்ஸியும் கிரைண்டரும் நின்ற வாரத்தில் அம்மி வைத்திருந்த வீட்டுக்குத் தெருவே தேங்காயோடு வந்திருக்கும். அம்மி, உரல், உலக்கையை வாசலில் அலங்காரமாகப் போட்டவர்கள் கழுவி உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் காற்று தொட முடியாதது மண்ணுக்குள் இருப்பதுதான். சேனை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, சேப்பங்கிழங்கு ஆகியவை நாலைந்து குழி இருந்தால், கத்தரி, வெண்டை எல்லாம் படுத்த பிறகும் குழம்புக்கு ஏதாவது கிடைக்கும். இவற்றில் சேம்பு மட்டும்தான் தேங்கிய தண்ணீரைத் தாங்கும். மற்றவற்றுக்கு மேட்டுப்பாத்தி வேண்டும். மூழ்கிய மரவள்ளியைச் சில நாள்களுக்குள் தோண்டிச் சமைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். தண்ணீர் வடிந்ததும் முதலில் தூவ வேண்டியது கீரை. சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். அதற்கு விதை வேண்டும். ஒரு பாட்டிலில் தண்டுக்கீரை, சிறுகீரை, அவரை, பூசணி, புடல் விதைகளைக் காயவைத்துச் சாம்பல் கலந்து இறுக மூடி உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தால் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விறகு விஷயத்தில், காஸ் வந்த பிறகு அடுக்கி வைக்கிற பழக்கம் விட்டுப்போனது. தென்னை மட்டை, பாளை, கொட்டாங்கச்சியைப் பரணில் ஒரு வாரத்துக்கு அடுக்குவது பெரிய வேலையில்லை. நான்கைந்து மாடு உள்ளவர்கள் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் கட்டலாம். நாளைக்கு 50 கிலோ சாணம் போட்டால் ஒரு குடும்பத்துச் சமையலுக்குப் போதும். பூமிக்குள் கட்டுகிற வகை என்பதால் காற்று ஒன்றும் செய்யாது. நம் கணக்குக் குடும்பத்தின் இரண்டு மாட்டுக்கு அது கட்டுப்படியாகாது. காஸ் சிலிண்டரைத் தூணோடு கட்டிவைக்க வேண்டும். வெள்ளம் புகுந்தால் அது மிதந்து போகும்.

பூச்சிமருந்து பாட்டில்களும் உர மூட்டையும் பெரும்பாலான வீடுகளில் தரையில்தான் இருக்கின்றன. முழங்கால் தண்ணீர் வந்தாலே மருந்து கலந்து கிணற்றுக்குப் போகும். நெல்லுக்கும் மருந்துக்கும் ஒரே அறை என்ற வழக்கத்தை மாற்றி, மருந்தைத் தனியாக உயரத்தில் பூட்டிவைக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை மழைக்காலத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவும் கூடாது.

இருட்டும் பாம்பும்

சின்ன சோலார் விளக்கு ஒன்று, டார்ச் ஒன்று, பேட்டரி ரேடியோ ஒன்று. டவர் விழுந்த பிறகு செய்தி கேட்க ரேடியோதான். செல்போனுக்கு டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் போடுகிற வயர் முன்கூட்டியே வாங்கிவைத்தால் தெருவுக்கே உதவும். விளக்கெண்ணெய், புங்க எண்ணெய் அகலும் இருக்கட்டும்.

வெளிச்சம் இருந்தால் பாம்பைப் பார்க்கலாம் என்பதுதான் இதில் பெரிய லாபம். வெள்ளத்தில் வளையை விட்டு வந்த பாம்புகள் விறகுக்கட்டிலும் வைக்கோலிலும் ஒதுங்கும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சொக்குவது என்று வந்தால் அஜீரணம் என்று நினைத்துச் சோடா கொடுத்து நேரத்தை விட்டவர்கள் உண்டு. அந்த நாள்களில் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகித் தூங்குவது உயிர்க் காப்பு. கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் மட்டையில் வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரோடு அடைபட்டிருந்தால் எந்த வழியாகத் தூக்கிப் போவது என்பதை ஊர் இளைஞர்கள் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். ரம்பம், அரிவாள், கயிறு, கடப்பாரை நான்கும் ஒரே இடத்தில் இருந்தால் மரத்தை அறுத்து வழி விட வெளியூர் ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் 15 நாளுக்குக் கையிருப்பு வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் ஃபிரிட்ஜ் நின்றால் பயப்பட வேண்டியதில்லை. பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி, இடையில் ஈரமணல், உள்ளே நனையாத டப்பாவில் மருந்து, மேலே ஈரத்துணி. மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் வெளிச்சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. காலில் புண் உள்ளவர்கள் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய பெண்ணை எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனை உள்ள ஊருக்கு அனுப்பிவிடுவதில் கூச்சமோ வீம்போ கூடாது.

இத்தனையும் இருக்கிறது என்பதற்காகக் கீற்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது தவறு. அரசு மையத்துக்குப் போகச் சொன்னால் போக வேண்டும். புயலின் நடுப்பகுதி தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நிற்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வருகிற காற்று அடிக்கும். முதல் காற்றில் ஆடிப்போன மரம் இந்த இரண்டாவது காற்றில்தான் விழும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.

காகிதங்கள்

பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், இன்ஷூரன்ஸ் ரசீது எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் இரண்டு சுற்றாகக் கட்டி, திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கலாம். ஒரு நகல் செட் வெளியூர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். அதோடு கொஞ்சம் பணம், பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக.

பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவிகிதம்தான். கடைசித் தேதிவரை தள்ளிப்போட்டு, சர்வர் வேலை செய்யாத நாளில் வரிசையில் நிற்பவர்களே அதிகம். தென்னைக்கு தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்ட, விவசாயி கட்டுவது மீதிக் கால் பங்குதான். குட்டை, ஒட்டு ரகம் 4 வயதிலிருந்தும், நெட்டை ரகம் 7 வயதிலிருந்தும், 60 வயதுவரை சேர்க்கலாம். கஜாவுக்குப் பிறகு அரசு கொடுத்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். காய்ப்புக்கு வர ஏழெட்டு வருடம் காத்திருந்த மரத்துக்கு அது எம்மாத்திரம் என்பது தோப்புக்காரர்களுக்குத் தெரியும். எச்சரிக்கை வந்ததும் முற்றிய தேங்காய்களையும் இளநீரையும் இறக்கி, அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் தலைப்பாரம் குறைந்து சில மரங்களாவது நிற்கும்.

நனைந்த நெல்லை விதைக்கு வைக்கலாமா?

மழைக்காலம் முடிகிற ஒவ்வொரு முறையும் வாசகர்களிடமிருந்து வருகிற கேள்வி இது. மூட்டை நனைந்து இரண்டு நாள் அப்படியே கிடந்து, பிரித்தால் சூடு அடிக்கிறது, முளை எட்டிப்பார்க்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், அது விதையாகாது. அன்றே பிரித்துக் காயவைத்தது என்றால் சோதித்துப் பார்க்கலாம். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் நெல் எடுத்துக் கலந்து, அதில் நூறு நெல்லைப் பொறுக்காமல் எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்துவர வேண்டும். ஒரு வாரத்தில் பிரித்து, வேரும் குருத்தும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ண வேண்டும். 80-க்கு மேல் இருந்தால் விதைக்கு வைக்கலாம். அதற்குக் குறைந்தால் அந்த மூட்டையை நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டாம். பூஞ்சணமும் கெட்ட வாடையும் இல்லாவிட்டால் மில்லுக்கு அனுப்பலாம்.